ஐந்தாவது கார்பன்

"டெஸ்ட்ல நூத்துக்கு நூறு. வீட்டுப்பாடத்துல ஒண்ணுகூட சரியில்லை. இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

டியூஷன் மாஸ்டர் இரண்டு தாள்களையும் மேஜைமேல் போட்டார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அப்பா. பக்கத்தில் மகள், தரையைத் துளைத்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க சார்..." அப்பா மென்று விழுங்கினார்.

"பக்கத்துல இருக்கற பிள்ளையைப் பார்த்து எழுதுதுன்னு அர்த்தம். காப்பி அடிக்கறவங்களை நான் வெச்சுக்கறதில்லை. ஒருத்தரை விட்டா மொத்த வகுப்பும் கெட்டுடும்."

அப்பாவுக்குக் காது மடல் சூடேறியது. டியூஷன் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றதே இவள்தான். எதற்கு என்று அவர் கேட்டதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.

"அப்பா ஏதோ ஆபீஸ்ல இருக்காருன்னு பாப்பா சொல்லிச்சு. உங்களுக்கும் புரியற மாதிரியே காட்டறேன்."

ஆபீஸா? அப்பா மகளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. அப்பன் பார்க்கிற வேலையை வெளியே சொல்லக்கூட வெட்கமா? சுருக்கென்றது. ஆனாலும் மாஸ்டரிடம் தலையை ஆட்டிவைத்தார்.

மாஸ்டர் போர்டில் நான்கு கார்பனை ஒரே வரிசையாக எழுதி, இரண்டாவதன் கீழே இன்னும் இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டார்.

"இதுக்குப் பேர் வைக்கணும். எந்தச் சங்கிலி ரொம்ப நீளமோ, அதைத்தான் முதல்ல எண்ணணும். உங்க பொண்ணு நேரா இருக்கற நாலை எண்ணிட்டு 2-எத்தில் பியூட்டேன்னு எழுதியிருக்கு. கீழேர்ந்து ஏறி, திரும்பி எண்ணிப் பாருங்க."

அப்பா விரலால் காற்றில் எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். அப்போதும் ஐந்துதான்.

"3-மெத்தில் பென்டேன். சங்கிலி நேராத்தான் போகணும்னு எவன் சொன்னான்?"

தலைக்கு மேலே மின்விசிறி ஓடியும் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"வீட்டுல யாராவது சொல்லித் தர்றாங்களா பாப்பா?"

"இல்ல சார்," மகள் முந்திக்கொண்டாள். "நானாத்தான் போட்டேன். டெஸ்ட்ல... பார்த்துத்தான் எழுதினேன்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கேட்டுக்கிட்டீங்களா? நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க." மாஸ்டர் எழுந்துவிட்டார்.

மகள் பையை மாட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாப்பா, போலாம்."

பூமி பிளந்து அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. வாசல்வரை போனவர் நின்றுவிட்டார்.

"அவ பார்த்து எழுதலை சார். வீட்டுப்பாடத்தை நான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதுவா. தப்புன்னு தெரிஞ்சும் எனக்காக எழுதியிருக்கா."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "ஆபீஸ்ல இருக்கறவருக்கு ஏன் சார் இந்த வேண்டாத வேலை?"

"ஆபீஸ் இல்ல சார், ஸ்கூல். கெமிஸ்ட்ரி வாத்தியார்." அப்பாவின் குரல் உள்ளே போயிருந்தது. "அந்த அஞ்சை இன்னொரு தடவை எண்ணிக் காட்டுங்க. நாளைக்கு என் பசங்களுக்கு மாத்திச் சொல்லணும்."