காலி பண்றதா இல்லீங்க

"கடைசியா கேக்கறேம்மா. எப்போ காலி பண்றீங்க?"

கட்டட உரிமையாளரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. பொருளாளர் வண்ணக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஈயச் சட்டத்துக்குள் பொருத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"காலி பண்றதா இல்லீங்க."

அலங்காரக் கலைகளைச் சொல்லித்தரும் சிறிய அறக்கட்டளை அது. பல வருடம் நஷ்டத்திலேயே ஓடியது. இந்த அம்மாள் பொறுப்புக்கு வந்ததும் முதலில் தேநீர் நின்றது, அப்புறம் மின்விசிறி. ஜன்னல் கண்ணாடிகளுக்கு ஆர்டர்கள் குவிந்த பிறகும் இரண்டும் திரும்பி வரவில்லை. உறுப்பினர்கள் அவருக்கு வைத்த பெயர், பூட்டம்மா.

"ஒரு வருஷ வாடகைய அப்படியே திருப்பித் தரேன். வேற இடம் பாருங்க."

"பின்னாடி கட்டியிருக்கிற கண்ணாடி சுடற சூளைய யார் தலையில தூக்கி வெக்கிறது? உங்க தலையிலயா?"

சூளை போனால் அறக்கட்டளையே இல்லை. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப நீங்களே கட்டடத்த வாங்கிக்குங்க!"

"கேட்டோமே. நீங்க சொன்ன விலையில பாதிக்குத்தான் எங்க சேமிப்பு மொத்தமும் வந்துச்சு. சிரிச்சீங்க."

"கோர்ட்டுக்கு இழுப்பேன்."

"இழுங்க. வாடகை ஒழுங்கா வந்துச்சான்னு கேப்பாங்க. வந்துச்சு."

பக்கத்தில் நின்ற அறக்கட்டளைத் தலைவர் குறுக்கிட்டார். "அக்கா, கொஞ்சம் தணிஞ்சு போலாமே..."

"நீங்க சும்மா இருங்க தம்பி."

"வாங்க வர்றவன் எல்லாம் இந்தம்மா பேச்சக் கேட்டதும் வந்த வழியே ஓடறான்!" உரிமையாளர் கத்தினார். "ஒரே ஒருத்தன்தான் உங்களையும் சேத்து வாங்கிக்கறேங்கறான். அதுவும் பாதி விலைக்கு! விட்டது சனியன்னு நாளைக்கே அவனுக்கு எழுதிக் குடுத்துடறேன். அவன் வந்து கழுத்தப் பிடிச்சுத் தள்ளுவான், அப்ப தெரியும்."

"வரட்டும். அவருக்கும் இதே பதில்தான்."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார் உரிமையாளர். பொருளாளர் ஈயத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

தலைவர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "இவராவது வாயால கத்துறதோட விட்டாரு. வரப்போறவன் எப்பேர்ப்பட்டவனோக்கா?"

"வாங்கின விலைக்கே நமக்கு எழுதிக் குடுத்துடுவார்," என்றபடி அடுத்த துண்டை எடுத்தார் பொருளாளர். "தங்கமான மனுஷன். குறட்டைதான், கல்யாணம் ஆன நாள்லேருந்து தாங்க முடியல."