லீவு கேட்காத ஆள்

“இந்த மொட்டை வேணாம் மொதலாளி. இவன் வந்து எலை போட்டா சனங்க பஞ்சாமிர்தம் எங்கன்னு கேப்பாங்க” என்றார் ஆண்டியப்பன்.

பாய்லர் பக்கம் நின்ற சப்ளையர்கள் சிரித்தார்கள். வரிசையில் கடைசியாக நின்ற கண்ணுசாமி மட்டும் தலையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். மழை பொய்த்த ஊரிலிருந்து வந்தவன். இந்த வேலையும் இல்லையென்றால் அடுத்து எங்கே போவதென்று அவனுக்குத் தெரியாது.

நயா பைசா வந்த வருஷம் அது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த அந்த டிபன் கடைக்கு இலுப்பூரிலும் அறந்தாங்கியிலும் கிளைகள் உண்டு. மூன்றுக்கும் ஆள் எடுப்பது முதலாளி ரெங்கராஜ் ஒருவர்தான்.

திருச்சி பஸ்ஸும் மதுரை பஸ்ஸும் சேர்ந்து வந்து நின்றால், டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் அத்தனை பேருக்கும் இட்லி போய்ச் சேர வேண்டும். எந்த பஸ்ஸுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்பது ரெங்கராஜுக்கு மனப்பாடம். ஒரு கை குறைந்தாலும் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும்.

ஒரு பங்குனித் திருவிழாவில் அவர் அதைப் பட்டே தெரிந்துகொண்டார். தங்கைக்குக் கல்யாணம், பங்காளி வீட்டில் சாவு என்று ஒவ்வொருவனாகக் கிளம்பிவிட, இட்லி அண்டாவிலேயே ஆறிப்போயிற்று. அன்று முதல் சொந்தபந்தம் உள்ளவனை அவர் வேலைக்கு வைப்பதில்லை. அதன்பிறகு, எனக்கு யாருமில்லை என்று சொல்லி வந்து சேர்ந்தவர்தான் ஆண்டியப்பன். தீபாவளிக்குக்கூட ஊர் என்று அவர் வாய் திறந்ததில்லை. ஆள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார் ரெங்கராஜ்.

வரிசையில் முன்னால் நின்றவர்களை அவர் சீக்கிரமே அனுப்பிவிட்டார். ஒருவன் புதிதாகக் கல்யாணம் ஆனவன். இன்னொருவன், தனக்கு ஒரே ஒரு அக்காதான், அவளும் கறம்பக்குடியில் இருக்கிறாள் என்று கெஞ்சிப் பார்த்தான்.

“அக்கா புள்ளைக்குக் காது குத்துனா தாய்மாமன் நீதானப்பா ஒக்காரணும்? போயிட்டு வா” என்றார் ரெங்கராஜ்.

கடைசியில் கண்ணுசாமியின் முறை வந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்றான்.

“அப்பா?”

“செத்துட்டாருங்க.” தயங்காமல் சொன்னான்.

“ஆத்தா?”

கண்ணுசாமி பாய்லர் பக்கம் திரும்பினான். பாய்லர் நீராவியில் கடை, பனி விழும் ஏதோ தூர தேசத்து ரயிலடி போல மங்கிக் கிடந்தது.

“கேக்குறேன்ல?”

“அவுகளும் இல்லைங்க. அதுக்குத்தான் இந்த மொட்டை.”

ரெங்கராஜின் முகம் தெளிந்தது. எல்லாப் பயலும் இப்படித்தான் சொல்லுவான், இவனை நம்ப வேண்டாம் என்று ஆண்டியப்பன் மறுபடியும் குறுக்கே விழுந்தார். ரெங்கராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கடைக்கு ஆளெடுக்கிறது நீயா, நானா?” என்று அதட்டியவர், கண்ணுசாமியிடம் திரும்பினார். “இட்லி வாங்கித் தின்னுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டு. மதுர வண்டி வந்துரும்.”

மதுரை வண்டி வந்தது. அதன் பின்னாலேயே திருச்சி வண்டியும் வந்தது. சட்னி வாளியோடு கண்ணுசாமி ஓடிய ஓட்டத்தில் ஆண்டியப்பன் ஆயிரம் குறை கண்டுபிடித்தார். அவனை அங்கிட்டும் இங்கிட்டும் விரட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ்கள் கிளம்பிக் கடை ஓய்ந்ததும், எச்சில் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கண்ணுசாமி கொல்லைப்புறம் போனான். ஆண்டியப்பன் பின்னாலேயே வந்தார். கதவுப் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, தன் தோள் துண்டை எடுத்து அவனுடைய தலை வியர்வையைத் துடைத்தார்.

“நான் வேணாம்னா மொதலாளி வேணும்பாரு. அது தெரிஞ்சுதாண்டா அப்படிப் பேசுனேன். மனசுல வச்சுக்காத” என்றார். “அன்னைக்கி நீ கடைக்கு எதுத்தாப்புல வந்து நின்னப்பக்கூடக் கையக் காட்டி வெரட்டுனேன்ல, அதுவும் இதுக்குத்தான். அப்பனும் மகனும்னு தெரிஞ்சா ரெண்டு பேருமே தெருவுலதான் நிக்கணும்.”

கண்ணுசாமி இலைகளைக் குழியில் தள்ளினான். வேலி ஓரம் நின்ற மாடு ஒன்று நெருங்கி வந்தது.

“இனிமே கவலையில்ல. ரெண்டு பேரு சம்பாத்தியம். ஒங்க ஆத்தாளத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி அந்த இருமலுக்கு ஒரு வழி பண்ணிரலாம்.”

ஆண்டியப்பன் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். அந்த மழித்த தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

“அப்பனும் இல்ல ஆத்தாளும் இல்லன்னு சொல்லச் சொன்னது நாந்தான். அதுக்காக மொட்டையே அடிச்சுக்கிட்டு வந்துருவியாடா? அவ பாத்தா என்னையில்ல வைவா.”

பஸ் ஸ்டாண்டில் அடுத்த வண்டியின் ஹாரன் கேட்டது. உள்ளேயிருந்து முதலாளி ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். கண்ணுசாமி காலிக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“உள்ள நான் ஒரே ஒரு பொய்தாம்ப்பா சொன்னேன்.”