மறுபடி ஒருக்கா

ஆற்றங்கரையில் நாரை வாத்தியார் பாடம் நடத்திவந்தார். நீரோட்டத்தைப் பார்த்துச் சுழி எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கும் பாடம். மான், முயல், ஆட்டுக்குட்டி எல்லாம் சின்ன வயசு. கழுதை மட்டும் பல் விழுந்த பிறகு படிக்க வந்து சேர்ந்திருந்தது.

பாடம் முடிந்ததும் வாத்தியார், "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். தினமும் கழுதைதான் எழுந்து நிற்கும்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா. எனக்குப் புரியல. மறுபடி ஒருக்கா சொல்லுங்க."

வகுப்பே சிரிக்கும். ஆட்டுக்குட்டியின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கும். வாத்தியார் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கினால் முதலில் காதைத் தீட்டிக்கொள்வதும் அதுதான்.

மழைக்காலம் தொடங்கியபோது கழுதை இறந்துபோனது. மறுநாள் வருகை எடுக்கையில் வாத்தியார் பழக்கத்தில் அதன் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். பிறகு கடைசிப் பாடத்தை நடத்தி முடித்தார்.

"நாளைக்கு நீங்களே ஆற்றைக் கடக்கணும். யாருக்காவது சந்தேகம் உண்டா?"

மான் முயலைப் பார்த்தது. முயல் தரையைப் பார்த்தது. மணலில் வரைந்திருந்த படத்தை அழிக்க வாத்தியார் சிறகை விரித்தார்.

ஆட்டுக்குட்டி எழுந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஐயா..."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆட்டுக்குட்டி உட்காரவில்லை.