பன்னிரண்டாவது நாற்காலி

“தலைமை என்பது பாதங்களைக் கழுவும் பாக்கியம்!”

பெரிய வியாழன் ஆராதனைக்காக ஆஸ்டின் டவுன் சபையில் கட்டியிருந்த பேனர் அப்படி முழங்கியது. தன்னார்வலர்கள் ஏணியில் தொங்கி அதைக் கட்டியபோது, பாஸ்டர் தேவசித்தம் கீழே நின்று, “என் ஃபோட்டோ கோணலா இருக்கு” என்றார்.

இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், சபையின் பன்னிரண்டு தன்னார்வலர்களின் கால்களை அவர் கழுவ வேண்டும். பதினொரு பேருக்கு முடிந்துவிட்டது. கடைசி நாற்காலியில் உட்காராமல் ஹெப்சிபா கைகட்டி நின்றாள்.

“சும்னே உக்காருங்க சிஸ்டர், யூட்யூப்ல லைவ் போகுது.”

“மாட்டேன் பாஸ்டர். என் காலை நீங்க கழுவ வேணாம்.”

பாஸ்டர் நெகிழ்ந்துபோனார். “பாருங்க சபையாரே! பேதுருவும் இயேசுகிட்ட இப்படித்தான் மறுத்தார். என்ன தாழ்மை!”

“தாழ்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் நீங்க காலைக் கழுவிட்டுப் போயிடறீங்க. அழுக்குத் தண்ணிய ஊத்தி, கால் கழுவுற பேசினைத் தேய்ச்சு, டவலெல்லாம் துவைக்கிறது நானு. இந்தத் தடவை அதையும் நீங்களே செய்ங்க, உக்கார்றேன்.”

“அதானே, இவங்க ஒருத்தரே எத்தனை வருஷம் செய்வாங்க?” என்றார் முதல் நாற்காலிக்காரர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

“இவ்ளோதானா சிஸ்டர்?”

பாஸ்டர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பேசினைத் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நடந்து, பக்கவாட்டுக் கதவருகே போய் நின்றார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி, மெல்லக் கேட்டார்.

“குழாய் எந்தப் பக்கம்?”

அவர் அந்தச் சபைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது.