ராணியின் பாவாடை

சரித்திர நாடகத்து ராணிக்கான பாவாடையைப் பழைய பட்டுப்புடவையை வெட்டி, ஒப்பனை அறையில் வனஜாவின் இடுப்பிலேயே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் பங்கஜம்.

“உடுத்தியிருக்கறப்பவே தைக்கக் கூடாதும்பாங்களேக்கா.”

“அசையாதே. ஊசி குத்தும்.”

ராஜா வேடத்தில் பங்கஜத்தின் கணவர் எட்டிப் பார்த்தார். “அட, ஜோரா இருக்கே! ஏது பட்டு?”

பங்கஜம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் போய்விட்டார்.

வனஜா குனிந்து பார்த்தாள். “ஓரத்துல என்னக்கா மஞ்சக் கறை?”

“அவங்கம்மா தடவின மஞ்சள்டி. என் கூறைப்புடவை இது. அவரை எடுத்துக்கிட்டவளுக்கு இதை மட்டும் எதுக்குப் பாக்கி வைக்கணும்?”

வனஜாவின் கை இடுப்பில் நாடாவைத் தேடியது. நாடா இல்லை. சுற்றிலும் இறுக்கித் தைத்திருந்தது.

“இனி வெட்டித்தான் எடுக்கணும்,” என்றாள் பங்கஜம்.

வெளியே முதல் மணி அடித்தது. கத்தரிக்கோல் பங்கஜத்தின் மடியில் இருந்தது.