சீசருக்கு எலும்பு

"எலும்பா? இந்த வீட்டுக்குள்ளயா?"

சந்திரமௌலி போட்ட சத்தத்தில் சீசர் மேஜைக்கடியில் பதுங்கியது. ஒரு வாரமாக அதற்கு வயிற்றுப்போக்கு. பச்சை எலும்பு கொடுத்தால் கட்டும் என்று நாய் டாக்டர் சொல்லியிருந்தார்.

"நாய்க்குத்தானே?" என்றாள் அவர் மனைவி கிரிஜா.

"மாண்ட்ரியலுக்கு அறுபத்தேழுல, எக்ஸ்போ கண்காட்சி நடந்த வருஷம் வந்தோம். இன்னிவரைக்கும் இந்த வீட்டுல முட்டைகூட நுழைஞ்சதில்ல!"

"அப்போ நாய் சாகட்டுமா?"

அவர் பல்லைக் கடித்தார். "வாங்கித் தொலைக்கறேன். ஆனா நீ தொடக்கூடாது. நைவேத்தியம் பண்ற கை. நானே பேஸ்மென்ட்டுல வெச்சுப் போடறேன். நீ அந்தப் பக்கமே வராதே!"

அடுத்த பத்து நாளும் அவரே கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். மேலே வந்ததும் தலைக்குக் குளித்தார். சீசருக்கோ ரத்தமாகப் போக ஆரம்பித்தது.

கிரிஜா அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சோதித்துப் பார்த்த டாக்டர் அவள்மேல் பாய்ந்தார்.

"பச்சை எலும்பு என்றுதானே சொன்னேன்? வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எதற்கு வேகவைத்தீர்கள்?"

வீட்டுக்கு வந்ததும் அவள் முதன்முறையாகப் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினாள்.

சாயங்காலம் சாப்பாட்டில் சந்திரமௌலி எரிந்து விழுந்தார். "என்னடி ரசம் இது? மிளகே இல்ல!"

"மிளகு டப்பா கீழ இருக்கு," என்றாள் கிரிஜா. "உங்க சூப் சட்டிக்குப் பக்கத்துல."