மன்னர் தடுத்த கோப்பி

"அப்பா, பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின்ர பொருளாதாரக் கொள்கையில அறிவொளிச் சிந்தனை இருந்ததோ?" பள்ளிக்கூடக் கட்டுரைக்காக அட்சயா கேட்டாள்.

"அப்பிடி என்ன செய்தவர்?" என்றார் இரத்தினவேல்.

"காசு வெளிநாட்டுக்குப் போகுது, கோப்பியை விட்டிட்டு உள்ளூர் பியரைக் குடியுங்கோ எண்டவர். ஆர் களவாக் கோப்பி வறுக்கினம் எண்டு மோப்பம் பிடிக்க ஆக்களும் வச்சவர்."

"உவனுக்கென்ன அறிவொளி? மனுசர் என்ன குடிக்கிறதெண்டு ராசாவோ சொல்லுறது? கொடுங்கோலன் எண்டு எழுது!"

கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த அம்மா பேபி, இரத்தினவேலின் முகத்தருகே குனிந்து மோப்பம் பிடித்தாள்.

"திரும்பவும் கடையில கிறீமும் சீனியும் ரெண்டு மடங்கு போட்ட டபுள் டபுள் கோப்பியோ? காசைக் கரியாக்காமல் வீட்டு மல்லித்தண்ணியைக் குடியுங்கோ எண்டெல்லோ சொன்னனான்!"

இரத்தினவேல் மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"மாத்தி எழுது பிள்ளை. ராசா எல்லாம் சனத்தின்ர நன்மைக்குத்தான் செய்திருக்கிறார்."